டியூக் எலிங்டன் குழுவில் வால்வு ட்ராம்போனுக்கு என்ன வேலை?

பிக் பேண்ட் ஜாஸில், அதாவது பெரிய குழுவாகச் சேர்ந்து வாசிக்கும் ஜாஸில், வால்வு ட்ராம்போன் என்ற பித்தளை ஊதுகருவிக்கென்று தனி வேலை ஏதேனும் இருந்ததா, அல்லது ஸ்லைடு பழகாதவர்கள் கையில் எடுத்த மாற்றுக் கருவிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான குழுக்களில் ட்ராம்போன் என்றாலே இழுத்து வாசிக்கும் ஸ்லைடு கருவிதான். ஆனால் அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் குழுவில் 1929 முதல் 1944 வரை வால்வு ட்ராம்போன் வாசித்த ஹுவான் டிஸோலைக் கவனித்துக் கேட்ட பிறகு, அதை மாற்றுக் கருவி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

முதலில் கருவியைப் பற்றி. சாதாரண ட்ராம்போனில் குழாயை ஏழு நிலைகளுக்கு நகர்த்திச் சுரங்களைப் பிடிக்க வேண்டும். கீழ்ஸ்தாயியில் அடுத்தடுத்த இரண்டு அரைச்சுரங்களில் ஒன்று உதட்டருகே முதல் நிலையிலும் மற்றொன்று கையை முழுக்க நீட்டிப் பிடிக்கும் ஏழாம் நிலையிலும் அமைவதுண்டு. வேகமாக வாசிக்கும்போது இந்தத் தூரத்தைக் கடப்பதே பெரும்பாடு. வால்வு ட்ராம்போனில் ட்ரம்பெட்டைப் போல விரலால் அழுத்தும் மூன்று வால்வுகள் இருப்பதால், அதே இடத்தை விரல்கள் நொடியில் கடந்துவிடும். அதற்குக் கொடுக்கும் விலையும் சிறியதல்ல. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஜாருவாக இழைந்து போகும் அழகு போய்விடுகிறது. நாதமும் சற்று அடங்கி, மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும்.

டிஸோல் 1900-இல் போர்ட்டோ ரிக்கோவின் வேகா பாஹாவில் பிறந்து, அங்கு இசைக்குழுக்களை நடத்திவந்த தம் மாமா மானுவல் டிஸோலிடம் பயின்றவர். 1920-இல் அமெரிக்காவுக்கு வந்தபோது அவரிடம் இருந்தது எழுதிய இசையைப் பிசகாமல் வாசிக்கும் பயிற்சி. எழுதி வைக்காமல் அந்தக் கணத்திலேயே கற்பனை செய்து வாசிக்கும் மனோதர்மமே உயிர் என்று கருதப்படும் ஜாஸில், அவர் மனோதர்மமாக வாசிக்கும் கலைஞராக இருக்கவில்லை. எலிங்டன் இதைக் குறையாகப் பார்க்காமல், அந்தத் துல்லியத்துக்கென்றே இடங்களை ஒதுக்கி எழுதினார் என்பதுதான் என் பதிலின் மையம்.

அந்த ட்ராம்போன் வரிசையில் மூன்று பேர் இருந்தார்கள். ஜோ நான்டன் அடைப்பானைக் கருவியின் வாயில் வைத்து மூடித் திறந்து, மனிதக் குரல்போல உறும வைப்பார். லாரன்ஸ் பிரவுனின் ஸ்லைடு வாசிப்பு வழுவழுவென்று பாடும். டிஸோலின் வால்வு ட்ராம்போனோ பல இடங்களில் பக்கத்து ட்ராம்போன்களோடு சேராமல் சாக்ஸபோன்களோடு சேர்ந்து வாசிக்கும். விரல்களால் ஓடும் கருவி என்பதால் சாக்ஸபோன்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவும், பித்தளையின் கனத்தை அவற்றின் ஒலியோடு கலக்கவும் அதனால் முடிந்தது. எலிங்டன் குழுவின் ஒலியில் எந்தக் கருவி எங்கே முடிகிறது என்று பிரித்தறிய முடியாத ஒரு மயக்கம் உண்டல்லவா, அதில் இந்தக் கலவைக்கும் பங்கு உண்டு.

கேட்டுப் பார்க்க விரும்பினால் 1940 மார்ச்சில் பதிவான 'கோ-கோ'விலிருந்து தொடங்குங்கள். தொடக்கத்தில் ஹாரி கார்னியின் பாரிடோன் சாக்ஸபோன் அடியில் அதிர, அதன்மேல் டிஸோல் ஒரு குறுகிய சொற்கட்டை அழுத்தந்திருத்தமாக வைக்கிறார். சாக்ஸபோன்கள் பதில் சொல்கின்றன. அலங்காரம் எதுவும் இல்லை. பன்னிரண்டு பார்கள் (தாளச் சுற்றுகள்) முடிந்ததும் நான்டன் தம் அடைப்பானோடு உள்ளே நுழைகிறார். முன்னவர் அப்படிக் கட்டுக்கோப்பாக நின்றிருக்காவிட்டால் பின்னவரின் உறுமல் இவ்வளவு கூராகத் தைத்திருக்காது என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் தோன்றுகிறது.

டிஸோல் பெயரை உலகம் நினைவில் வைத்திருப்பது, அவர் அமைத்த 'கேரவன்' மெட்டுக்காக. 1936 டிசம்பரில் எலிங்டன் குழுவின் கிளாரினெட் கலைஞர் பார்னி பிகார்டின் பெயரில் ஒரு சிறு குழு அதை முதலில் பதிவு செய்தது. அந்த மெட்டு நீண்ட சுரத்தில் நின்று, பிறகு அரைச்சுரம் அரைச்சுரமாக நெளிந்து இறங்குகிறது. பதினாறு பார்களில் முதல் பன்னிரண்டும் ஒரே கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டின்) மேல் தவித்துவிட்டுக் கடைசி நான்கில்தான் வீடு சேர்கிறது. வால்வுகளில் விரல் பழகிய ஒருவருக்கே இப்படியொரு மெட்டு தோன்றும் என்பது என் ஊகம். 1941-இல் அவர் எழுதிய 'பெர்டீடோ'வும் ஜாஸ் கலைஞர்கள் அனைவருக்கும் தெரிந்த உருப்படி ஆனது. இவை போக, எலிங்டனின் கையெழுத்துப் பிரதியிலிருந்து ஒவ்வொருவருக்கும் உரிய பகுதியைத் தனித்தனியாகப் பிரித்து எழுதிக் கொடுக்கும் வேலையையும் அவரே பார்த்தார்.

1944-இல் ட்ரம்பெட் கலைஞர் ஹாரி ஜேம்ஸின் குழுவுக்குப் போன டிஸோல், 1951-இல் டிரம்ஸ் கலைஞர் லூயி பெல்சன், சாக்ஸபோன் கலைஞர் வில்லி ஸ்மித் ஆகியோருடன் எலிங்டனிடம் திரும்பி வந்து சில ஆண்டுகள் இருந்தார். பின்னாளில் பாப் புரூக்மேயரும் கனடாவின் ராப் மெக்கானெலும் இதே கருவியை எடுத்து, டிஸோல் தொடாத மனோதர்மத்துக்கு அதைப் பழக்கினார்கள்.