எட்டாவது வாரம், விரல்கள் எங்கே?

கேள்வி: எனக்கு இது எட்டாவது வாரம். ஸ்கேனில் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் கையும் காலும் சின்ன முளை மாதிரிதான் தெரிந்தன, விரலையே காணோம். கர்ப்பம் என்று தெரியாததால் இதுவரை கால்சியம் மாத்திரை எதுவும் போடவில்லை. அதனால்தான் எலும்பு வளரவில்லையோ?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை. எட்டாவது வாரத்தில் முளைதான் தெரியும், அதுதான் சரி.

மருத்துவர்கள் வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உண்டாவதோ அதற்கு ஏறக்குறைய 2 வாரம் கழித்து. ஆக, உங்கள் கருவுக்கு உண்மையில் 6 வார வயதுதான். இனி நான் சொல்வதெல்லாம் இந்த வயதுக் கணக்கில்.

கை முளைப்பது 26ஆம் நாள் வாக்கில். கால் முளை ஓரிரு நாள் பிந்தி வரும். இப்போது கையின் நுனி துடுப்பு போலத் தட்டையாகி, உள்ளே ஐந்து விரல்களுக்கான கோடுகள் விழுந்துகொண்டிருக்கும். கோடுகளுக்கு நடுவே சவ்வு மாதிரித் திசு இருக்கிறது. அதிலுள்ள செல்கள் தாமாகவே மடிந்து வழிவிட்டால்தான் விரல்கள் பிரியும். 8 வாரம் முடிவதற்குள், அதாவது உங்கள் ஸ்கேன் கணக்கில் 10 வாரத்துக்குள், அந்த வேலை முடிந்துவிடும்.

இதில் எனக்கு இன்றும் வியப்பு தரும் விஷயம், கையின் எலும்பும் தசையும் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல என்பதுதான். எலும்புக்கான செல்கள் முளைக்குள்ளேயே இருக்கின்றன. தசைக்கான செல்கள் கருவின் முதுகுப் பக்கம் ஜோடி ஜோடியாக இருக்கும் சோமைட் என்ற திரள்களிலிருந்து கிளம்பி, முளைக்குள் நகர்ந்து வருகின்றன. முள்ளெலும்புகளும் விலா எலும்புகளும்கூட அதே திரள்களிலிருந்து வருபவைதான். அப்புறம் கை ஒரு பக்கமும் கால் எதிர்ப்பக்கமுமாகத் திரும்புகின்றன. நம் முழங்கை பின்னாலும் முழங்கால் முன்னாலும் பார்ப்பது அதனால்தான்.

சரி, கால்சியம். கை கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகத்தான் உருவாகின்றன. நீண்ட எலும்புகளின் நடுப்பகுதியில் சுண்ணாம்புச் சத்து படியத் தொடங்குவதே ஏறக்குறைய 8ஆவது வாரத்தில். கழுத்தடியிலிருந்து தோள் வரை போகும் காறை எலும்பு மட்டும் கொஞ்சம் முந்திக்கொள்ளும். பிறக்கும் குழந்தையின் உடலில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் சேர்வது. இதுவரை மாத்திரை போடாததால் கைகால் உருவாவது நின்றுவிடாது. இந்த ஆரம்ப வாரங்களில் முக்கியம் ஃபோலிக் அமிலம்தான். அது எலும்புக்காக அல்ல, தண்டுவடம் சரியாக மூடிக்கொள்வதற்காக. இன்னும் தொடங்கவில்லை என்றால் இன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி. கர்ப்பம் தெரியாத அந்த வாரங்களில் வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா? 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற தூக்க மருந்து, 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பாதித்தது. கைகால் குறுகிப் பிறந்தவர்கள் பலர். கரு உண்டான 20ஆம் நாளுக்கும் 36ஆம் நாளுக்கும் இடையில் சாப்பிட்ட மருந்துதான் காரணம். தலைவலி மாத்திரையாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரை ஏதாவது இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உங்கள் ஸ்கேன் கணக்கில் 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் தொடை எலும்பை அளந்து, முதுகெலும்பையும் கைகால்களையும் பார்ப்பார்கள். அன்று குழந்தை கையை இறுக்கி மூடிக்கொண்டிருந்தால் விரல்கள் சரியாகத் தெரியாது. கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொன்னால் பதறாமல் போய் வாருங்கள்.