ஊதா, வயலட், சாம்பல்: நிறச் சேர்க்கை கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பர்ப்பிள், வயலட் இரண்டையும் நாம் ஊதா என்றுதானே சொல்கிறோம். டிசைனில் வேறு வேறா?

பதில்: வேறுதான். வயலட் வானவில்லிலேயே இருக்கிறது, அலைநீளம் ஏறக்குறைய 380 முதல் 450 நானோமீட்டர். பர்ப்பிளுக்கு அப்படி ஒற்றை அலைநீளம் கிடையாது. சிவப்பும் நீலமும் சேர்ந்து கண்ணில் விழும்போது நமக்குத் தெரிகிற நிறம் அது. வேலைக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: நீலத்தின் பக்கம் சாய்ந்தால் வயலட், சிவப்பின் பக்கம் சாய்ந்தால் பர்ப்பிள்.

கேள்வி: மேடம், வயலட் பின்னணியில் சாம்பல் வைத்தால் மஞ்சள் பூத்து அழுக்காகத் தெரிகிறது. சிவப்பு, பச்சை, நீல அளவு மூன்றும் 128, 128, 128 என்று சமமாக வைத்து, சுத்தமான சாம்பல்தான் போட்டேன்.

பதில்: சாம்பல் அவ்வளவு சுத்தமாக இருப்பதால்தான் அப்படித் தெரிகிறது. ஒரு நிறத்தை ஒட்டிச் சாம்பலை வைத்தால், அந்த நிறத்தின் எதிர்நிறம் சாம்பலில் ஏறியதுபோல் கண்ணுக்குப் படும். வயலட்டுக்கு எதிர்நிறம் மஞ்சள். பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தில், நீலத்துக்கும் வயலட்டுக்கும் பக்கத்தில் கருப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. அங்கே சாயப் பொறுப்பில் இருந்த வேதியியலாளர் செவ்ரல் ஆராய்ந்து, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். 1839-ல் அதைப் புத்தகமாகவே எழுதினார்.

நீங்களே பார்க்கலாம். ஒரே சாம்பலில் இரண்டு சதுரம் வரைந்து, ஒன்றை வெள்ளை மேலும் இன்னொன்றை அடர் வயலட் மேலும் வையுங்கள். இரண்டும் ஒரே நிறம் என்று நம்பவே முடியாது. அப்புறம் வயலட் மேல் இருப்பதை மட்டும் 124, 120, 134 என்று மாற்றுங்கள். அழுக்கு நன்றாகக் குறைந்துவிடும். இந்த மூன்று நிறச் சேர்க்கையில் நான் முதலில் தேர்ந்தெடுப்பது சாம்பலைத்தான். அது சரியாக அமைந்தால் மற்ற இரண்டையும் அமைப்பது சுலபம்.

கேள்வி: எது எவ்வளவு இருக்கலாம்?

பதில்: பாதிக்கு மேல் சாம்பல், அடுத்து வயலட். பர்ப்பிள் பொத்தான் மாதிரி கண் போக வேண்டிய இடத்துக்கு மட்டும்.

கேள்வி: வெள்ளையில் இளம் ஊதா எழுத்து எனக்குப் பிடித்திருக்கிறது. படிக்க முடியவில்லை என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது சரி. எல்லோரும் படிக்கும்படி தளங்களை அமைக்கச் சொல்லும் இணைய அணுகல் வழிகாட்டியின் (WCAG) ஏஏ (AA) நிலைப்படி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். 180, 160, 220 என்ற இளம் ஊதா வெள்ளையில் 2.3 அளவில் நின்றுவிடும். 102, 51, 153 போட்டால் 8.4 வரும். சாம்பலையும் சோதியுங்கள்: 150, 145, 160 பார்க்க அழகு, ஆனால் 3-ஐத்தான் தொடும். பின்னணிக்கோ கோட்டுக்கோ வைத்துக்கொள்ளுங்கள், பத்தி எழுத்துக்கு வேண்டாம்.

கேள்வி: திரையில் பளிச்சென்ற வயலட் அச்சில் செத்துப்போகிறதே?

பதில்: அச்சில் சயான் (வெளிர்நீலம்), மெஜந்தா (இளஞ்சிவப்பு) என்ற இரண்டு மைகள் கலந்து வருகிற வயலட்டுக்குத் திரையின் ஒளி வராது. முதலிலேயே சற்று அடங்கிய வயலட்டைத் தேர்ந்தெடுத்து, ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுத்துப் பாருங்கள். அந்தப் பளிச்சே வேண்டுமென்றால், அந்த நிறத்துக்கென்றே முன்கூட்டிக் கலந்த தனி மைதான் வழி.

கேள்வி: வரைபடத்தில் நீலமும் வயலட்டும் பக்கத்தில் பக்கத்தில் வரலாமா அண்ணி?

பதில்: சிவப்பை உணராத கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒன்றை நன்றாக வெளிறவிட்டு, இன்னொன்றை அடர்த்தியாக வைத்தால் வரலாம். கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், அதிலும் பிரிந்து தெரிந்தால் தைரியமாகப் போடுங்கள்.