ஆறு ரன்னும் ஒரு மண்குவளையும்

அன்புள்ள ஐயா,

நான் அரசுப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். பிரிட்டிஷ் ஆட்சிக்கால நிலவரியைப் பற்றி வகுப்பெடுக்கும்போது பிள்ளைகளுக்கு, நிலவரியை நீக்கிக்கொள்ள ஒரு கிராமம் ஆங்கிலேயப் படையினரோடு கிரிக்கெட் ஆடும் ‘லகான்’ என்ற இந்திப் படத்தைப் போட்டுக் காட்டலாம் என்று நினைத்து, ஆசிரியர் அறையில் சொன்னேன். கிரிக்கெட்டை நன்கு அறிந்த எங்கள் உடற்கல்வி ஆசிரியர் சிரித்துவிட்டார். கதை நடப்பது 1893-இல். அப்போது ஓவருக்கு ஐந்து பந்துகள்தாம், படத்தில் ஆறு வீசுகிறார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தால் ஆறு ரன் என்ற விதியே அன்று கிடையாது, ஆனால் உச்சக்காட்சி முழுவதும் அந்த விதியின் மேல்தான் நிற்கிறது என்றார். தமிழாசிரியை அதை ஏற்கவில்லை. கம்பன் கோசலத்தைக் காவிரிக்கரை மருதமாகப் பாடினானே, அவனிடம் யாராவது கணக்குக் கேட்டார்களா என்றார். எனக்கு இருவர் பேச்சும் நியாயமாகவே படுகிறது. காட்சிக்கு நடுவே சட்டைப் பொத்தான் மாறுவதையும், குவளையில் தண்ணீர் ஏறி இறங்குவதையும்கூட இதே வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள். இவையெல்லாம் ஒரே வகைப் பிழைகள்தாமா? படத்தை மாணவர்களுக்குக் காட்டலாமா?

அன்புடன்,
ந.

அன்புள்ள ந. அவர்களுக்கு,

உங்கள் உடற்கல்வி ஆசிரியர் சொன்ன இரண்டு செய்திகளும் சரியானவை. ஓவருக்கு நான்கு பந்துகள் என்றிருந்த முறை இங்கிலாந்தில் 1889-இல் ஐந்தாக மாறி, 1900-இல்தான் ஆறாயிற்று. ஆறு ரன் பெறுவதற்கு, 1910 வரையில், பந்து மைதானத்தையே விட்டு வெளியே போக வேண்டியிருந்தது. கோட்டை மட்டும் தாண்டி விழுந்த அடிக்கு இங்கிலாந்தில் நான்கு ரன்கள்தாம். டெஸ்ட் ஆட்டங்களில், ஓவர்த்ரோவின் (தடுப்பவர் தவறி எறிந்த பந்தால் கூடுதலாகக் கிடைக்கும் ரன்னின்) உதவி இல்லாமல் அடிக்கப்பட்ட முதல் ஆறு, ஆஸ்திரேலியாவின் ஜோ டார்லிங் 1898-இல் அடிலெய்டில் அடித்தது. பந்து மைதானத்துக்கு வெளியே போய் விழுந்ததால்தான் அவருக்கும் அது கிடைத்தது. படத்தின் நாயகனான சம்பானேர் கிராமத்துப் புவன் அவரை ஐந்து ஆண்டுகள் முந்திவிட்டான்.

பொத்தானையும் குவளைத் தண்ணீரையும் முதலில் ஒதுக்கிவிடுகிறேன். ஒரே உரையாடலை வெவ்வேறு கோணங்களிலிருந்து பலமுறை எடுக்கிறார்கள். சில சமயம் அதன் ஒரு பகுதியை ஒரு மாதமும் மற்றொரு பகுதியை வேறொரு மாதமும் எடுக்கிறார்கள். எந்த நடிகரின் நெற்றியில் திருநீறு எந்த அளவில் இருந்தது, எந்தக் கையில் துண்டு இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள, ‘கண்டினியூட்டி’ பார்ப்பதற்கென்றே ஓர் உதவி இயக்குநர் இருப்பார். அப்படியும் தப்பிப்போகிறவை சில. மற்றவை தெரிந்தே விடப்படுகின்றன. மூன்றாவது டேக்கில் தண்ணீர் சரியாக இருக்கிறது, ஏழாவதில் நடிகையின் முகம் சரியாக இருக்கிறது என்றால், படத்தொகுப்பாளர் ஏழாவதைத்தான் எடுப்பார்; எடுக்கவும் வேண்டும். இது வேலை நடக்கும் முறையால் விளைவது. கதை சொல்லும் காலத்தைப் பற்றி இப்பிழை எதையும் பொய்யாகச் சொல்வதில்லை என்பதால், வரலாற்று ஆசிரியரான நீங்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

தமிழாசிரியையின் வாதம் இதைவிடக் கனமானது. ஆனால் கம்பன் அதற்குப் பொருத்தமான சாட்சி அல்லன். கோசலம் இன்ன ஆண்டில் இப்படித்தான் இருந்தது என்று அவன் யாருக்கும் உறுதி தரவில்லை. தான் அறிந்த வளத்தை எல்லாம் தான் வணங்கிய நாட்டுக்குக் கொடுத்தான், அவ்வளவே. ‘லகான்’ அப்படியன்று. அது கதையைத் தொடங்கும்போதே 1893 என்று ஆண்டைச் சொல்லி, படைமுகாமையும் சீருடையையும் குடைபிடித்த துரைசானிகளையும் காட்டி, பார்ப்பவரிடம் ஒரு நம்பிக்கையைப் பெற்றுக்கொள்கிறது. அந்த நம்பிக்கையைக்கொண்டு தான் விரும்பிய உணர்ச்சியை எழுப்பவும் செய்கிறது. ஆண்டைச் சொல்லிப் பயன்பெற்ற படத்திடம் அந்த ஆண்டைப் பற்றிக் கேட்பது முறையான கேள்விதான்.

ஆனால் எல்லாப் பிழைகளையும் ஒரே குரலில் கேட்கக் கூடாது. நான் பார்க்கும் முறை ஒன்றுண்டு: பிழையைத் திருத்திவிட்டால் படத்துக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்பேன். ‘டைட்டானிக்’ படத்தில் கப்பல் மூழ்கிய இரவில் கதாநாயகி அண்ணாந்து பார்க்கும் வானம், 1912 ஏப்ரல் மாதத்து வட அட்லாண்டிக் வானம் அன்று என்று வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். 2012-இல் படத்தை முப்பரிமாணத்தில் மறுபடி வெளியிட்டபோது ஜேம்ஸ் கேமரூன் அந்த விண்மீன்களை மட்டும் மாற்றினார். பார்த்தவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள்? படம் அணுவளவும் மாறவில்லை. அதே படத்தின் கதாநாயகன் சிறுவயதில் விஸ்ஸோட்டா ஏரியில் மீன்பிடித்ததாகச் சொல்வான். அணை கட்டி அந்த ஏரி உண்டானது 1917-இல். வேறோர் ஏரியின் பெயரைச் சொல்லியிருந்தாலும் காதல் குறைந்திருக்காது. இத்தகைய பிழைகளைக் கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு. அதில் எனக்கும் இன்பம் உண்டு, அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

‘லகான்’ படத்தின் ஐந்து பந்தும் ஆறு பந்தும் இந்த வகையில்தான் சேரும். ஆறு ரன் விவகாரம் வேறு. கடைசிப் பந்தைப் புவன் தூக்கி அடிக்கிறான். எதிரணியின் ஆங்கிலேயரான கேப்டன் ரஸ்ஸல் அதைப் பிடித்துவிட்டு வெற்றி என்று எண்ணுகிறார். கோட்டுக்கு வெளியே நின்று பிடித்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிகிறது. 1893-இன் விதியை அப்படியே வைத்தால் இந்தக் காட்சி நிற்காது. எனினும் இதற்கு எளிய தீர்வு ஒன்று இருந்தது. எல்லைக்கோடு எங்கே, அதைத் தாண்டினால் எத்தனை ரன் என்பதை இரு தரப்பும் முன்கூட்டியே பேசிக்கொள்வது அக்காலத்தில் வழக்கம்தான். ஊரே கூடியிருக்க விதிகளைச் சொல்லும் இடத்தில், ‘கோட்டைத் தாண்டி விழுந்தால் இங்கே ஆறு’ என்று ரஸ்ஸலே திமிராக ஒரு வரி சொல்லியிருந்தால், பிழையும் நீங்கியிருக்கும், தான் வைத்த விதியாலேயே அவர் தோற்றார் என்ற சுவையும் கூடியிருக்கும். வரலாற்றைத் தேடிப் படிப்பது கதைக்கு இடைஞ்சல் என்று நினைக்கும் திரைக்கதையாசிரியர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

நம் பக்கத்திலும் இப்படி எளிதில் தீர்க்கக்கூடிய ஒன்று தொடர்ந்து நடக்கிறது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகளுக்கு இன்றுள்ள வடிவம் தமிழக அரசின் ஆணையால் பொதுவழக்குக்கு வந்தது 1978-இல். அதற்கு முன்பு லை, னை ஆகியவை எழுத்தின் தலையில் துதிக்கைபோல் சுழித்து எழுதப்பட்டன; ணாவும் றாவும் காலைத் தனியாக வைக்காமல் வளைவாக இழுத்து முடிக்கப்பட்டன. ஆனால் 1947-இல் நடக்கும் படத்தின் ரயில் நிலையப் பலகையில் ‘சென்னை’ இன்றைய னையோடு நிற்கிறது. 1967 தேர்தல் சுவரில் ‘அண்ணா’ இன்றைய ணாவோடு எழுதப்படுகிறது. விண்மீன்களை யாரும் படிப்பதில்லை. பலகையை எல்லோரும் படிக்கிறார்கள். தூரிகை பிடிக்கும் ஓவியரிடம் ஒரு பழைய நாளிதழைக் கொடுத்தால் தீர்ந்துபோகிற காரியம் இது. இதிலும் ஒரு நுட்பம் உண்டு: பெரியார் தம் ‘குடி அரசு’ இதழில் 1935-லிருந்தே சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தினார். ஆகவே 1940-இல் நடக்கும் கதையில் ஒருவர் கையில் ‘குடி அரசு’ இருந்து, அதில் புதிய லை காணப்பட்டால், அது பிழையன்று. கலை இயக்குநர் நன்றாகப் படித்தவர் என்று பொருள். ஆணை வந்தபிறகும் பழைய பலகைகள் கழற்றப்படாமல் தொங்கின, பெரியவர்கள் கடிதங்களில் பழைய எழுத்தையே எழுதினார்கள். 1985-இல் நடக்கும் படத்தின் கடைத்தெருவில் இரண்டு வடிவங்களும் கலந்து இருந்தால்தான் அது உண்மையான 1985. எல்லாப் பொருளையும் கதை நடக்கும் ஆண்டிலேயே வாங்கியதுபோல் வைப்பது, பிழை தேடுவோர் கண்ணில் படாத பிழை.

இனி, உங்கள் உடற்கல்வி ஆசிரியர் குறிப்பிடாத ஒன்றுக்கு வருகிறேன். சம்பானேர் அணியில் கச்ரா என்ற தீண்டத்தகாதவனாகக் கருதப்படும் இளைஞன் சேர்கிறான். ஊர் எதிர்க்கிறது. புவன் உணர்ச்சியோடு ஒரு பேச்சுப் பேசுகிறான். பேச்சு முடிவதற்குள் ஊர் மனம் மாறிவிடுகிறது. அதன்பின் அந்தக் கேள்வி பெரிதாகத் தலைகாட்டுவதில்லை. கச்ரா சுழற்பந்து வீசி விக்கெட்டுகளை வீழ்த்துகிறான்.

இதே 1890-களில் பூனாவில் ஓர் உண்மையான கச்ரா இருந்தார். பல்வங்கர் பாலூ என்பது அவர் பெயர். தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். ஐரோப்பியர்களின் பூனா கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்கு ஆடுகளத்தைச் சீர்செய்து, வலை கட்டி, அங்கு பயிற்சிக்கு வரும் ஆங்கிலேயர்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசியே அந்தக் கலையைத் தேர்ந்தார். ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனாவின் இந்துக்கள், தயக்கத்துக்குப் பிறகு அவரைத் தங்கள் அணியில் சேர்த்தார்கள். ஆட்டக்களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலூவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறியும் மண்குவளையில் கொடுத்தார்கள். 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் 114 விக்கெட்டுகளை, விக்கெட்டுக்கு 19 ரன்னுக்கும் குறைவான சராசரியில் எடுத்தார். இவ்வளவு செய்தும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923-இல் அது கிடைத்தது.

என் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். விண்மீனைத் திருத்தினால் படம் அப்படியே இருக்கும். ஆறு ரன்னை ஒரு வரியால் காப்பாற்றலாம். கச்ராவுக்கு ஒரு மண்குவளையைக் கொடுத்தால் ‘லகான்’ வேறு படமாகிவிடும். துரையை எதிர்த்துச் சேர்ந்து ஆடிய ஊர், ஆட்டம் முடிந்ததும் சேர்ந்து உண்ணாது. வரி நீங்கிய கொண்டாட்டத்தில் கச்ரா எங்கே நிற்பான் என்று பார்ப்பவர் தேடுவார். அந்தக் கொண்டாட்டம் கேள்வியற்றதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே படம் ஒரு பேச்சால் சாதியைக் கரைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அவன் பந்து சுழல்வதற்குக் காரணம் வளைந்த அவன் கைதான் என்றும் வைத்துவிட்டார்கள். உழைத்துப் பெற்ற தேர்ச்சியைக்கூட அவனுக்குக் கொடுக்கவில்லை. பெருவணிகப் படம் ஒன்று இந்தக் கேள்வியைத் தொட்டதே பெரிது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் பார்த்தவர் மனத்தில் 1893-ஐப் பற்றித் தங்கிவிடும் பிழை இதுதான். படம் பார்த்து ஐந்து பந்து ஓவரை மறந்தவர் எதையும் இழக்கவில்லை. நல்ல மனிதன் ஒருவன் பேசினால் போதும், தீண்டாமை ஒரு பிற்பகலில் போய்விடும் என்று நம்பத் தொடங்கியவர் இழந்திருக்கிறார்.

படத்தை மாணவர்களுக்குக் காட்டுங்கள். ஆனால் நிலவரிப் பாடத்தோடு காட்டாதீர்கள். உங்கள் நோக்கத்துக்கு அதுதான் மிகவும் பொருந்தாத இடம். படைமுகாமின் கேப்டன் ஒருவர் பந்தயம் கட்டி வரியை மும்மடங்காக்குவதும் ரத்து செய்வதும் கதைக்கு வேண்டிய ஏற்பாடு. அக்காலத்தில் வருவாய் நிர்வாகம் படைமுகாமின் தளபதி கையில் இல்லை. படத்திலேயே மேலதிகாரிகள் ரஸ்ஸலிடம் சினந்துகொள்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு குடியானவரிடமிருந்து அரசே நேராக வரி வாங்கிய மன்றோவின் ரயத்துவாரி முறையையும், நிலத்தை அளந்து தரம் பிரித்துத் தீர்வை விதித்ததையும், பொதுவாக 30 ஆண்டுக்கு ஒருமுறை அதை மறுபடி நிர்ணயித்ததையும், மழை பொய்த்த ஆண்டில் வஜா, அதாவது வரித் தள்ளுபடி, கேட்டு நின்ற குடியானவர்களையும் சொன்னால், வரி எப்படி ஊரை நெரித்தது என்பது விளங்கும். அங்கே கொடுமை செய்ய ஒரு ரஸ்ஸல் தேவைப்படவில்லை. பதிவேடும் தாசில்தாரும் ஜமாபந்தியும் போதுமானவையாக இருந்தன.

சமூக சீர்திருத்தங்களைப் பற்றிய பாடம் வரும்போது படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது மூன்றே முக்கால் மணி நேரம் ஓடுகிறது, ஒரே நாளில் முடியாது. கச்ரா அணியில் சேரும் காட்சியோடு முதல் நாள் நிறுத்திக்கொண்டால், பாலூவைப் பற்றிப் பேச அன்றைக்கே ஒரு பாடவேளை மிஞ்சும். மறுநாள் ஆட்டத்தைப் போடும்போது, ஓவரையும் ஆறு ரன்னையும் விளக்க உங்கள் உடற்கல்வி ஆசிரியரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.