வரி இல்லை, சரி... சரக்கு?

ஏழை நாட்டுச் சரக்குக்குப் பணக்கார நாடுகள் இறக்குமதி வரியே போடுவதில்லை என்கிறார்கள். அப்புறம் எதற்கு ‘வர்த்தகத்துக்கான உதவி’ என்று தனியாகப் பணம்?
(கல்லூரி மாணவி, சேலம்)

வரி இல்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். மிகவும் பின்தங்கிய நாடுகளின் சரக்குக்கு, ஆயுதங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2001ல் தொடங்கிப் படிப்படியாக வரியை எடுத்துவிட்டது. சரி, அனுப்புவதற்குத் தரமான சரக்கு வேண்டுமே! அதை உண்டாக்கி விற்கிற திறனை ஏழை நாடுகளுக்குக் கொடுக்கத்தான் இந்த உதவி.

ருவாண்டா காபியைப் பாருங்கள். காபிப் பழத்தைப் பறித்த அன்றே தோல் நீக்கி, நொதிக்க வைத்து, வழவழப்பு போகிற வரைக்கும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். 2000 வாக்கில் அங்கே அதற்கான நிலையங்கள் அநேகமாக இல்லை. விவசாயிகள் வீட்டிலேயே தோலை உரித்து, கிடைத்த தண்ணீரில் கழுவி, முற்றத்தில் காயவைத்து விற்றார்கள், அதனால் மலைமேல் விளைந்த அருமையான காபி மட்டரக விலைக்குத்தான் போனது. இதற்கு வரிச்சலுகை என்ன செய்யும்?

அமெரிக்க உதவிப் பணத்தில், தெற்கே மராபா என்ற ஊரில் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு அலசும் நிலையம் வந்தது. வலை போட்ட நீளமான மேசைகளில் காயும் கொட்டைகளைப் பெண்கள் இருபுறமும் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்து, சொத்தையைப் பொறுக்கி எறிவார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது, உள்ளூர் இளைஞர்களுக்குக் காபியைக் கரண்டியால் உறிஞ்சி ருசி பார்த்துத் தரம் சொல்லக் கற்றுக்கொடுத்தது. தன் சரக்கின் தரம் தனக்கே தெரியாதவன் எப்படி விலை பேசுவான்? 2008ல் ஆப்பிரிக்காவிலேயே முதன்முறையாக ‘கப் ஆஃப் எக்ஸலன்ஸ்’ காபிப் போட்டி நடந்தது ருவாண்டாவில்தான்.

எல்லாம் நன்றாக நடந்துவிடவில்லை. பின்னால் நிலையங்கள் பெருகி, போதுமான பழம் வராமல் பல பாதித் திறனில்தான் ஓடின. ஒருவகைப் பூச்சி கடித்த கொட்டை ஒன்றே ஒன்று கலந்தாலும் அந்தக் கோப்பை பச்சை உருளைக்கிழங்கு வாடை அடிக்கும், அந்தத் தொல்லை இன்னும் முழுசாகத் தீரவில்லை.

இந்தப் பணம் மானியமா, கடனா?
(வாசகர், தூத்துக்குடி)

இரண்டும். 2005 டிசம்பரில் ஹாங்காங்கில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில்தான் இந்தத் திட்டத்துக்கு உருவம் கிடைத்தது. ஆனால் இதற்கென்று ஒரே கஜானா கிடையாது. ஒவ்வொரு நாடும், உலக வங்கி போன்றவையும் தனித்தனியாகக் கொடுக்கின்றன; சாலை, மின்சாரத்துக்குக் கொடுக்கும் கடனையும் இதே கணக்கில்தான் சேர்க்கிறார்கள். துறைமுகத்துக்கோ மின்நிலையத்துக்கோ கடன் வாங்கலாம், வருமானம் வந்தால் அடைத்துவிடலாம். ருசி பார்க்கப் பழக்குவதற்கும் பூச்சி ஆராய்ச்சிக்கும் ஓர் ஏழை நாட்டைக் கடன் வாங்கச் சொல்வது நியாயமே இல்லை, அதை மானியமாகத்தான் கொடுக்க வேண்டும்.