ஓய்வில்லாத சர்வருக்கு எந்த கெர்னல் பேட்ச்?

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு ஒன்றில் கேட் பாஸ் போடும் லினக்ஸ் சர்வர் இரவு பகலாக ஓடுகிறது, வருகிற கெர்னல் பேட்ச் (லினக்ஸின் மையப் பகுதிக்கான திருத்தம்) எல்லாவற்றையும் உடனே போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் அவசரமாகப் போட வேண்டியதில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் பேட்சுகளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2022-இல் வெளியான டர்ட்டி பைப் என்ற ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்: சாதாரண யூசர் கணக்கு கையில் இருந்தாலே ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள நிர்வாகி, ஆகிவிடலாம். கெர்னல் 5.8-இல் நுழைந்த ஓட்டை அது, 5.16.11, 5.15.25, 5.10.102 பதிப்புகளில் அடைத்தார்கள். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரெட் ஹாட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் பழைய எண்ணிலேயே புதிய திருத்தங்களைச் சேர்த்துவிடும். அவர்கள் வெளியிடும் பாதுகாப்பு அறிவிப்புதான் கணக்கு.

நீங்கள் பயன்படுத்தாத டிரைவருக்கான திருத்தம் காத்திருக்கலாம். ரீபூட் இல்லாமலே போடும் லைவ் பேட்ச் அவசரத்துக்கு உதவும், ஆனால் எல்லாத் திருத்தமும் அதில் வராது. என்றாவது ரீபூட் செய்தே ஆக வேண்டும். அதற்கு முன், அதே நெட்வொர்க் கார்டு, அதே ரெய்டு கார்டு (டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிப்பது) உள்ள இன்னொரு மெஷினில் புதிய கெர்னலை ஓட்டிப் பாருங்கள். பழைய கெர்னலை கிரப் மெனுவில் (மெஷின் தொடங்கும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல்) கண்டிப்பாக விட்டுவையுங்கள்.

அப்புறம் நேரம். நள்ளிரவு என்றால் சும்மா இருக்கும் என்று நம்ப வேண்டாம், எண்ணூர் விரைவுச் சாலையில் அப்போதும் லாரிகள் வரிசையில் நிற்கும். கேட் பாஸ் பதிவுகளைத் திறந்து, பாஸ் மிகக் குறைவாகப் போகும் நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.