செம்பனைக்குள் மேயும் மாட்டை அமைதியாகப் படம் எடுப்பது எப்படி?

“எங்கள் தோட்டத்துப் பக்கம் மேயும் மாடுகளைப் படம் எடுத்தால், ஒன்று மாடு மிரண்டு பார்க்கிறது, இல்லை வெறும் வெள்ளைத் திட்டாக விழுகிறது. அந்த இடத்தின் அமைதி படத்தில் வர என்ன செய்வது?” என்பது கேள்வி.

நான் இருப்பது மலேசியாவின் சிலாங்கூரில், பெஸ்தாரி ஜெயா பக்கம். பெயர்ப் பலகை மாறிப் பல வருடம் ஆகியும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நடவு நடந்த தென்னமரம் தோட்டம் இங்கேதான் இருக்கிறது. பால்மரம் (ரப்பர்) போய் எல்லாப் பக்கமும் செம்பனை வந்தபிறகும், லயத்துக்காரர்கள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள், சிலர் மாடுகளை விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்த மாடுகளைத்தான் சில வருடங்களாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் நான் செய்தது பெரிய தப்பு. நேராக மாட்டின் முகத்துக்கு எதிரே வேகமாக நடந்துபோய்க் கேமராவைத் தூக்கினேன். தாய் மாடு துள்ளி ஓட, பின்னால் ஓடிய கன்று வாய்க்காலில் விழுந்துவிட்டது. அடி ஒன்றும் படவில்லை. ஆனால் மாட்டுக்காரத் தாத்தா இறங்கித் தூக்கிவிட்டதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அவர்தான் பிறகு சொல்லிக்கொடுத்தார். மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. அதனால் பின்னாலிருந்து போகவே கூடாது. அது பார்க்கிற மாதிரி, பக்கவாட்டில் சாய்வாக, மெதுவாகப் போங்கள். தலையைத் தூக்கிக் காதை உங்கள் பக்கம் திருப்பினால் அங்கேயே நின்று, இரண்டு அடி பின்னால் வந்து, உட்கார்ந்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் மறுபடி புல்லுக்குக் குனிந்துவிடும். நீங்கள் தேடுகிற அமைதி அங்கே ஆரம்பிக்கிறது. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் போகாதீர்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

உட்கார்ந்து எடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மாட்டின் கண் மட்டத்துக்குக் கேமரா வந்துவிடும். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் முதுகும் தரையும்தான் தெரியும். கைப்பேசி என்றால் பக்கத்தில் போகாமல் இரண்டு மடங்கு லென்ஸைப் போடுங்கள், அகல லென்ஸில் கிட்டே போனால் மூக்கு மட்டும் பெரிதாகிவிடும். கேமரா என்றால் 85 முதல் 200 மி.மீ. வரையுள்ள லென்ஸ் போதும்.

இப்போது அந்த வெள்ளைத் திட்டு. செம்பனைக்குள் நிழல் அதிகம். படத்தில் பெரும்பகுதி இருட்டாக இருப்பதைப் பார்த்துக் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. நடுவில் நிற்கும் வெள்ளை மாடு வெளிறிப்போய்த் தோல் மடிப்பு, ரோமம் எதுவும் தெரியாமல் போகிறது. வெளிச்ச அளவை ஒன்று, தேவையானால் ஒன்றரை ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). கைப்பேசியில் மாட்டின் உடலைத் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்தால் சரியாகிவிடும். நிழல் கறுப்பாகவே இருக்கட்டும், அங்கே உண்மையில் இருட்டுத்தானே. ஆனால் இதே மாடு திறந்த வெளியில் படம் முழுக்க நிறைந்து நின்றால், கணக்கு தலைகீழ்: கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும், அப்போது கொஞ்சம் கூட்ட வேண்டும்.

மட்டைகள் வழியே வருகிற வெளிச்சம் பச்சையாக இருப்பதால் வெள்ளைத் தோலிலும் பச்சை ஏறும். நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸில், பச்சைக்கு எதிரான மெஜந்தா (கருஞ்சிவப்பு) பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள்.

நேரம் பற்றி: இங்கே சூரியன் 7 மணிக்கும் 7.30க்கும் இடையில் எழும், எழுந்ததும் சடசடவென்று மேலே போய்விடும். எட்டேகாலுக்குள் நல்ல வெளிச்சம் முடிந்துவிடும், ஆகவே ஏழு மணிக்கே இடத்தில் இருங்கள். மேகமூட்டமான நாளில் பத்து மணிக்குக்கூட எடுக்கலாம். அந்நேரம் மாடுகள் வயிறு நிறைந்து படுத்து அசைபோட ஆரம்பிக்கும், உண்ணிக்கொக்குகளும் பக்கத்திலேயே நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த வேளை அதுதான். குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும், பையிலேயே அரைமணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள்.

பின்னணிக்கு, வயதான மரங்கள் உள்ள நிரையைத் தேடுங்கள். செம்பனையை முக்கோணமாக, ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். அதனால் சரியான ஓரிடத்தில் நின்றால் நிரை நீளமாகக் குகை போலத் திறக்கும். அந்தக் குகை வாயில் மாடு நின்றால் போதும். செம்பனை இன்னும் சின்ன மரமாக இருக்கிற இடத்தில் மட்டை தரையைத் தொட்டு எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

தோட்டத்துக்குள் போகுமுன் காவலாளியிடமும், மாட்டுக்காரரிடமும் கேட்டுவிட்டுப் போங்கள். மருந்து அடித்த பகுதி எது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், படத்தை அச்சடித்து மாட்டுக்காரருக்குக் கொடுங்கள். நான் தாத்தாவிடம் இரண்டு கொண்டுபோனேன். ஒன்று, சூரியன் பின்னால் இருக்க மாடு கறுப்பு நிழலாகத் தெரியும் படம். எனக்கு அதில் பெருமை. அதைப் பார்த்துவிட்டு, “இது யார் மாடுப்பா?” என்று கேட்டார். இன்னொன்று மேகமூட்டத்தில் எடுத்த சாதாரணப் படம். கையில் வாங்கியதுமே, “நம்ம லட்சுமி! காது மடல் கிழிஞ்சிருக்கு பாரு” என்று உள்ளே பாட்டியைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து காதும் கொம்பும் நெற்றிச் சுழியும் தெளிவாகத் தெரிகிற மாதிரிதான் எடுக்கிறேன்.