ப்ரீசீசன் ஆட்டத்தைப் பார்த்து யுனைடெட்டை நம்பலாமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கால்பந்து அணி மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகர்கள். ப்ரீசீசனில், அதாவது சீசன் தொடங்கும் முன் ஜூலையில், ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து ஆசை வருகிறது, ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்துவிடுகிறது. புது சீசன் எப்படிப் போகும் என்று கணிக்க எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்கோரை விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் ஏதாவது ஒன்று சொல்லும்.

2022 ஜூலை 12, பாங்காக்: யுனைடெட் 4, லிவர்பூல் 0. அன்று இணையம் முழுக்கத் திருவிழா. லிவர்பூல் கோச் கிளாப் அந்த ஒரே மேட்சில் மூன்று தனித்தனி அணிகளை மாற்றி மாற்றி இறக்கியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிரீமியர் லீக் தொடங்கியதும் ஆகஸ்ட் 7 அன்று சொந்த மைதானத்தில் பிரைட்டனிடம் 1-2. அடுத்த வாரம் பிரென்ட்ஃபோர்டில் 0-4, நாலு கோலும் முதல் 35 நிமிஷத்துக்குள். 'இந்த வருஷம் அவ்வளவுதான்' என்று தலையில் கைவைத்தவர்களும் ஏமாந்தார்கள். சீசன் முடியும்போது யுனைடெட் 75 புள்ளியோடு மூன்றாமிடம், லிவர்பூல் ஐந்தாமிடம். ஜூலையும் பொய் சொன்னது, ஆகஸ்டும் பொய் சொன்னது.

ஆனால் அந்த பிரென்ட்ஃபோர்டு மேட்சை இன்னொரு தரம் போட்டுப் பாருங்கள். நாலு கோலும் நாலு விதம். முதல் கோல், நேராக வந்த பந்து யுனைடெட் கோல்கீப்பர் டி கெயாவின் கைக்கடியில் நழுவியது. இரண்டாவது, டி கெயா பெனால்டி பாக்ஸுக்குப் பக்கத்தில் நின்ற தன் அணி எரிக்சனுக்குச் சின்ன பாஸ் கொடுக்க, அவர் திரும்புவதற்குள் பிரென்ட்ஃபோர்டின் யென்சன் பந்தைப் பறித்து உள்ளே தள்ளினார். மூன்றாவது, பிரென்ட்ஃபோர்டு எடுத்த கார்னரில் வந்தது. நாலாவது, யுனைடெட் எடுத்த கார்னரே திரும்பி வந்து எதிர்த்தாக்குதலாகி கோல் ஆனது. முதலாவது தனி ஆள் பிழை, அதைக் கணிக்க முடியாது. மற்ற மூன்றும் பயிற்சியில் சரிசெய்ய வேண்டியவை. ஃப்ரெண்ட்லியில், அதாவது லீக் புள்ளிக் கணக்கில் சேராத ஆட்டத்தில், தேட வேண்டியதும் அவைதான்.

ஃப்ரெண்ட்லியில் அவை ஏன் மறைந்துகொள்கின்றன? காலையில் கடும் பயிற்சி முடித்து, கனத்த காலோடு மாலையில் ஆடுகிறார்கள். எதிரணி விரட்டி வந்து பந்தைப் பறிக்காது. கார்னர், ஃப்ரீகிக் திட்டங்களை இரண்டு பக்கமும் காட்டாமல் வைத்திருப்பார்கள். பாதி நேரத்தில் பதினொரு பேரும் மாறிவிடுவார்கள். உலகக் கோப்பையோ யூரோவோ நடந்த கோடை என்றால் முக்கியமான ஆட்கள் ஊருக்கே தாமதமாகத்தான் வருவார்கள்.

அதனால் அமெரிக்கா, ஆசியச் சுற்றுப்பயண மேட்சுகளை விடுங்கள். லீக் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது நடக்கிற கடைசி ஃப்ரெண்ட்லியின் முதல் 60 நிமிஷம் போதும். பந்து போன இடத்தைப் பார்க்காமல், பந்து பறிபோன பிறகு வரும் ஐந்தாறு வினாடியைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் உடனே நெருக்குகிறார்களா, கையை விரித்துப் புகார் சொல்கிறார்களா? எதிரணி பாக்ஸுக்கு உள்ளேயிருந்து எத்தனை தடவை அடித்தது என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். கோல் எண்ணிக்கையைவிட அந்தக் கோடுகளுக்கு மதிப்பு அதிகம். நம் கார்னரின்போது பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள்? இரண்டு சென்டர் பேக்கும் மேலே போய்விட்டு, பின்னால் ஒரே ஒரு ஆள் என்றால் பயப்படுங்கள்.

ட்ரான்ஸ்ஃபர் செய்தியைப் பார்த்து ரொம்பத் துள்ளாதீர்கள். 2022-23ல் செல்சி பணத்தை வாரி இறைத்து 12வது இடத்தில் முடித்தது. 2024 கோடையில் லிவர்பூல் வாங்கி அந்த சீசனில் களமிறக்கியது கியேசா ஒருவரைத்தான், அவரும் பெரும்பாலும் பெஞ்சில், கோப்பை அவர்களுக்கு. யாரை வாங்கினார்கள் என்பதைவிட, லெஃப்ட் பேக், டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டர், ஸ்ட்ரைக்கர் இந்த மூன்று இடத்திலும் முதல் ஆளுக்குக் காயம் பட்டால் அடுத்து யார் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தடுமாறினால் டிசம்பர் வலிக்கும்.

சீசன் ஓட ஆரம்பித்ததும் புள்ளிப் பட்டியலை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கஷ்டமான மேட்சுகள் முதலிலேயே வந்திருக்கலாம். அதற்கு ஒரு கணக்கு உண்டு. போன சீசனில் இதே எதிரணியோடு, இதே மைதானத்தில் என்ன கிடைத்ததோ அதோடு ஒப்பிடுங்கள். போன தடவை டிரா, இந்தத் தடவை வெற்றி என்றால் +2. வெற்றி தோல்வியானால் -3. கீழ் லீக்குக்கு இறங்கிய 18, 19, 20வது அணிகளுக்குப் பதில், அந்தக் கீழ் லீக்கான சாம்பியன்ஷிப்பிலிருந்து மேலே வந்த முதலிடம், இரண்டாமிடம், பிளே-ஆஃப் ஜெயித்த அணி என்று வரிசையாகப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து மேட்ச் முடிந்து கூட்டினால் அணி உண்மையில் முன்னேறியிருக்கிறதா என்று தெரியும். அதுவரை ஆம்பூர் பிரியாணி பந்தயம் வேண்டாம்.

முதல் நாலு இடம்தான் ஆசை என்றால், மேட்சுக்குச் சராசரி 1.8 புள்ளி, அதாவது 38 மேட்சில் 68 வாக்கில் வர வேண்டும். 2023-24ல் நாலாமிடம் வந்த ஆஸ்டன் வில்லா எடுத்தது சரியாக 68. அடுத்த வருஷம் செல்சி 69. பத்து மேட்சில் 18 எடுத்திருந்தால் பாதையில் இருக்கிறீர்கள். 12க்குக் கீழே என்றால் அந்த ஆசையை மூட்டை கட்டலாம்.

நேரக் கணக்கையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மேட்சுகள் நம் நேரம் மாலை 5, இரவு 7.30, 10 மணிக்கு; ஞாயிறு பெரிய மேட்ச் இரவு 9க்கு. அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கிலாந்துக்காரர்கள் கடிகாரத்தை மாற்றியதும் எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். வார நடுவில் அவர்கள் ஊரில் இரவு 8 மணிக்கு வைக்கிற மேட்ச் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 1.30. மறுநாள் காலை காட்பாடியில் சென்னை ரயில் பிடிக்கிறவர் அந்த மேட்சை முழுசாகப் பார்க்காமல், ஹைலைட்ஸில் எதிரணியின் ஷாட்டுகளை மட்டும் பார்த்தால் போதும்.